கழுவி நிறுத்திய குதிரை

அந்தக் குதிரையை நான் முதல் முறை பார்த்தபோது அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காய்ச்சலோடு நிற்கிற பிராணியை எதற்குக் குளிப்பாட்டினார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. வெயில் காலம், சூட்டைத் தணிக்க ஊற்றியிருப்பார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

கன்னிவாடிக்குப் போகும் சாலையில், மலை பெரிதாகத் தெரியத் தொடங்கும் இடத்தில், தென்னந்தோப்பை ஒட்டி அவர்களுடைய தகரக் கொட்டகை இருக்கிறது. கணவனும் மனைவியும்தான். கத்தரியும் முருங்கையும் போடுகிறார்கள். அதோடு மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, கோயில் திருவிழா என்று விசேஷங்களுக்கு இந்த வெள்ளைப் பெட்டைக் குதிரையை அலங்கரித்து ஓட்டிப் போகிறார்கள். ஓட்டிப் போவது கணவர். தீனி, குளிப்பாட்டு, அலங்காரம் எல்லாம் மனைவி. அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டாக்டரம்மா என்றார், என்னைவிட இருபது வயதாவது மூத்தவராக இருந்தும்.

நான் திண்டுக்கல் டவுனில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருபவை மாடு, ஆடு, நாய். மேற்படிப்பின்போது குதிரை வார்டில் இருந்தேன் என்ற செய்தி எப்படியோ பரவி, சுற்றுவட்டாரத்தில் குதிரை வைத்திருக்கிற சிலர் என்னைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

"என்ன செய்யுதுக்கா?" என்றேன்.

"மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் நிக்குது டாக்டரம்மா. சாயங்காலமானா மேலெல்லாம் கொதிக்குது. கொள்ள மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருது. அம்புட்டுச் சதையும் எங்க போச்சுன்னே தெரியல."

கணவர் கொட்டகைத் தூணில் சாய்ந்தபடி, "அதத்தான் நானும் கேக்குறேன். ஒரே வீட்ல இருக்குதுக ரெண்டும். குதிரைக்கு மட்டும் சதை எப்பிடிப் போச்சு?" என்றார்.

"ஆமா, நான் காய்ச்சல்ல கிடந்தா நீங்க டாக்டரக் கூப்பிட்டுக் கிழிச்சிருவீக. போய்க் கயித்தப் பிடிங்க."

அவர் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

அக்கா என் பக்கம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். "சினையா இருக்கு. கீரனூர்ப் பக்கம் கொண்டு போய்ச் சேத்துட்டு வந்தோம். போன தடவை ஏழாம் மாசத்துல செத்து விழுந்துருச்சு. இது இப்ப எட்டு. இந்தக் குட்டியும் போச்சுன்னா இனிமே சேக்கவே வேணாங்குறாரு. குட்டி தங்குமா? அத மட்டும் சொல்லுங்க."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எதையும் வரிசையாகப் பார்த்தால்தான் எனக்கு நிதானம் வரும். மூக்கு சுத்தம். தாடைக்கு அடியில் நெறி கட்டவில்லை. நுரையீரலில் சத்தம் இல்லை. குளம்பில் சூடு இல்லை. முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே, மார்பின் கீழ்ப் பகுதியில், விரித்த கையளவுக்குத் திண்டாக ஒரு வீக்கம். அதன் நடுவில் துவரம்பருப்பு நுழையக்கூடிய ஓர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிய தோல் பளிச்சென்று இருந்தது. லேசாக மஞ்சள் வாசம் வந்தது.

"அப்பப்ப வடியும், கட்டிக்கிரும், மறுபடி உடையும்" என்றார் அக்கா.

எனக்கு முன்பே ஒருவர் வந்து மூன்று நாள் ஊசி போட்டிருந்தார். காலி பாட்டிலை எடுத்து வைத்திருந்தார்கள். என்ரோஃப்ளாக்சசின். ஊசி போட்டபோது காய்ச்சல் இறங்கியது, நிறுத்தியதும் ஏறியது. அவ்வளவுதான் தெரிந்தது.

குதிரையின் தோலில் ஆறாத ஓட்டை, இன்ன காரணம் என்று சொல்ல முடியாத காய்ச்சல், மெலிவு. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் கிளாண்டர்ஸ் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய் அது. அதுதான் என்று வந்துவிட்டால் எந்த மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை, சட்டப்படி குதிரையைக் கொன்றுவிடுவார்கள். ரத்தம் எடுத்து அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். பதில் வரும்வரை குதிரை கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது, கையுறை இல்லாமல் அந்த இடத்தைத் தொடக் கூடாது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். கணவர் தூணில் சாய்வதை நிறுத்திவிட்டு நேராக நின்றார். பதில் வந்தபோது அது இல்லை என்றிருந்தது. அதற்குப் பிறகு அந்த நோயின் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அது இல்லை என்று தெரிந்துவிட்டது. எது என்றுதான் தெரியவில்லை.

மாட்டுக்கு மருந்து எழுதுவது போலக் குதிரைக்கு எழுத முடியாது. குதிரையின் பெருங்குடல் ஒரு பெரிய ஊறல் தொட்டி. அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லைச் செரிக்கவைக்கின்றன. பொருந்தாத மருந்து அவற்றைக் கொன்றுவிட்டால் வயிற்றுப்போக்கு வந்து, எந்த நோய்க்கு மருந்து கொடுத்தோமோ அதைவிட வேகமாகக் குதிரை போய்விடும். அதனால் எதைக் கொடுக்கக் கூடாது என்பதை முதலில் எழுதி, மிஞ்சுவதைப் பார்ப்பது என் வழக்கம். அன்று வீட்டுக்கு வந்து எழுதினேன்.

லின்கோமைசின் கூடாது, வயிற்றைக் கெடுத்துக் கொல்லும். எரித்ரோமைசின் பிறந்த குட்டிக்குக் கொடுக்கலாம், வளர்ந்த குதிரைக்கு அதே ஆபத்து. டாக்சிசைக்ளின் வயிற்றிலுள்ள குட்டியின் எலும்பைப் பாதிக்கலாம். என்ரோஃப்ளாக்சசின் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்புக்கு ஆகாது என்ற சந்தேகம் உண்டு, அது ஏற்கெனவே மூன்று நாள் உள்ளே போயிருக்கிறது. ஜென்டாமைசின் சிறுநீரகத்தைத் தாக்கும், இந்தக் குதிரையோ சரியாகத் தண்ணீர் குடிப்பதில்லை, தவிர அது சீழுக்குள் வேலை செய்யாது. சல்ஃபா மருந்தை வெல்லத்தில் பிசைந்து சுலபமாகக் கொடுத்துவிடலாம், ஆனால் அதுவும் சீழில் வலுவிழக்கும். மெட்ரோனிடசோல் இருக்கிற கொஞ்சப் பசியையும் கெடுக்கும். செஃப்டியோஃபரைக் கடைசிக்கு என்று வைத்தேன். பென்சிலினுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டேன்.

கிருமியின் பெயர் தெரிந்தால் இந்தத் தாளில் பாதி வேண்டியதில்லை. பெயர் தெரிய வேண்டுமானால் சீழிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். வளர வேண்டுமானால் உடம்பில் மருந்து இருக்கக் கூடாது. ஆகவே நான் எடுத்த முதல் முடிவு, ஒரு வாரத்துக்கு எந்தக் கிருமிக்கொல்லியும் கொடுப்பதில்லை என்பது. மறுநாள் கொட்டகைக்குப் போய் அதைச் சொல்லி, காய்ச்சல் மிகவும் ஏறினால் மட்டும் கூப்பிடச் சொன்னேன்.

நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அக்கா கணவரிடம் சொன்னது கேட்டது. "மருந்து குடுக்காதீகன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு டாக்டரு? அத நம்மளே செஞ்சிருப்போம்ல?"

ஒரு வாரம் கழித்து, வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டுப் போனேன். குதிரை ஈரமாக இருந்தது. நெற்றியில் குங்குமம். பிடரி மயிர் வாரி விடப்பட்டிருந்தது. ஓட்டையில் மாதிரி எடுத்து, என்னுடன் படித்துவிட்டு இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் தோழிக்கு அனுப்பினேன். வளர்ச்சி இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் குதிரையின் விலா எலும்புகளை எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. மறுபடியும் போனில் சொல்லிவிட்டுப் போனேன், மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் வளர்ச்சி இல்லை.

தோழி இந்த முறை போன் செய்தாள். "ஏண்டி, நீ அனுப்புறது குதிரையோட சீழா, இல்ல ஆபரேஷன் தியேட்டர் சுவரா? ஒரு பூஞ்சை கூட வளரல. தோல்ல சும்மா இருக்குற கிருமியாவது வளரணும்ல? யாராவது ஸ்பிரிட் ஊத்துறாங்களா?"

ஈரம், குங்குமம், மஞ்சள் வாசம் எல்லாம் அப்போதுதான் ஒரே வரிசையில் வந்து நின்றன. மறுநாளே போய்க் கேட்டேன். அக்கா பெருமையாகவே சொன்னார்.

"பின்ன? நீங்க வாறீகன்னு போன் வந்ததும் சுடுதண்ணி போட்டு, ஸ்பிரிட்ட ஊத்தி, பஞ்சைக் குச்சியில சுத்தி, உள்ளாற எட்டுற வரைக்கும் கழுவிருவேன். மேல மஞ்சப்பொடி வச்சு ஒருதரம் துடைச்சிருவேன். ஒரு சொட்டுச் சீழு இருக்காது."

"அந்தச் சீழுதான்க்கா எனக்கு வேணும்."

"அதோட எப்பிடி உங்க முன்னால நிறுத்துறது?"

விசேஷ வீட்டுக்குப் போகிற குதிரையை அழுக்காக யார் முன்னாலும் நிறுத்துவதில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. வெளியாள் பார்க்கிறார் என்றால் குதிரை குளித்திருக்க வேண்டும், பொட்டு இருக்க வேண்டும், சாணம் அள்ளியிருக்க வேண்டும். மருத்துவரும் வெளியாள்தான். நான் வருவதைச் சொல்லாமல் அடுத்த முறை போய்ப் பார்த்தேன். சாலை திரும்பும் இடத்தில் டீக்கடை இருக்கிறது. அங்கிருந்து யாரோ போன் செய்துவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது அக்கா கையில் வாளியோடு நின்றார்.

"உள்ள கழுவலம்மா, சத்தியமா. வெளிய மட்டும்தான்."

எட்டிப் பார்த்தேன். உள்ளேயும் கழுவியிருந்தார். குதிரைக்கு அன்று நூற்று நான்குக்கு மேல் காய்ச்சல். இனியும் வெறும் கையோடு இருக்க முடியாது என்று சல்ஃபா பொடியை வெல்லத்தோடு கொடுக்கச் சொன்னேன். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது, முழுதாகப் போகவில்லை. பாதி வேலை செய்யும் மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று யோசித்து, நிறுத்தினேன். குட்டி அசைகிறதா என்று அக்கா தினமும் குதிரையின் விலாவில் கை வைத்துப் பார்ப்பதாகக் கணவர் போனில் சொன்னார். "கைய எடுக்க மாட்டேங்குறா. குதிரைக்கே கூச்சமாப் போச்சு."

இதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயிலிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மணிக்கூண்டுக்கு அருகே போக்குவரத்து நின்றிருந்தது. முன்னால் சீர் ஊர்வலம். டிரம் செட், தட்டுத் தட்டாகப் பழம், வளையல், பட்டுப் பாவாடை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை, நெற்றியில் குஞ்சம், காலில் சலங்கை, மார்பில் சிவப்பு வெல்வெட்டும் பித்தளைக் குமிழ்களும் வைத்த அகலப் பட்டை. விலா எலும்பை ஜரிகைப் போர்வையால் மூடியிருந்தார்கள். இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. கணவருக்கும் என்னைத் தெரிந்தது. அவர் உடனே எதிர்ப்பக்கக் கட்டடங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனேன்.

"கோவிச்சுக்கிராதீங்க டாக்டரம்மா" என்றார். "என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். ஊரு பூராவுக்கும் குதிரை விடுறவன் சொந்தத் தங்கச்சிக்குக் குதிரை இல்லாமப் போனா மூஞ்சிலயே துப்புவாக. யாரையும் ஏத்தல. சும்மா நடத்தித்தான் கூட்டிப் போறேன்."

திட்டுவதற்கு நேரம் இல்லை. பட்டையின் கீழ் விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியிருந்தது. காலையில் குளிப்பாட்டியிருப்பார்கள். அதன் பின் நடந்த நடையில், பட்டை உரசி உரசி, ஓட்டை உடைந்து புதிதாக வடிந்துகொண்டிருந்தது. சல்ஃபா நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாரும் துடைக்கவில்லை.

"அண்ணே, குதிரைய நிறுத்துங்க."

"செத்த நேரம் பொறுங்க டாக்டரம்மா, மண்டபம் வந்துரும்."

"மண்டபத்துக்குப் போனா அக்கா கழுவிருவாங்க. இங்கயே எடுத்துக்கிறேன்."

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் சிரிஞ்சும் கையுறையும் எப்போதும் இருக்கும். எடுத்துக்கொண்டு வருவதற்குள் டிரம் செட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"ஏலே, குதிரைக்குக் கொரோனா டெஸ்ட் எடுக்குறாகடா!"

"மூக்குல தான எடுப்பாக? இதுக்கு நெஞ்சுல எடுக்குறாக?"

"குதிரை மூக்குக்குக் குச்சி பத்தாது அப்பு."

தட்டுகளின் வரிசையிலிருந்து அக்கா வேகமாக வந்தார். பட்டுச்சேலை, கையில் வெற்றிலைத் தட்டு. முகம் சிவந்திருந்தது. "நடுரோட்லயா டாக்டரம்மா? எல்லாரும் பாக்குறாக. என் நாத்தனா மாமியா பாக்குறா. குதிரைக்குச் சீக்குன்னு ஊரெல்லாம் சொல்லிருவா."

"அக்கா, குட்டி வேணுமா, வேணாமா?"

அவர் தட்டைக் கணவர் கையில் கொடுத்தார். முந்தானையை உருவி இரண்டு கையாலும் அகலப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கும் குதிரையின் மார்புக்கும் நடுவே நின்றார். நான் அந்தப் பட்டுத் திரைக்குப் பின்னால் குனிந்து பட்டையை அவிழ்த்தேன். மேலே வழிந்திருந்ததை விட்டுவிட்டு, வீக்கத்தை அழுத்தி, உள்ளிருந்து புதிதாக வந்ததைச் சிரிஞ்சில் இழுத்தேன். குதிரை ஒரு முறை தலையை உதறியது. சலங்கை குலுங்கியதும் டிரம் செட் ஆட்கள் ஏதோ சைகை என்று நினைத்து மறுபடி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவிழ்த்த பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் வெல்வெட் புதிது போல இருந்தது. உட்பக்கத்துக் கம்பளித் துணி பழுப்பேறி, அட்டை போல விறைத்திருந்தது. ஒரு பித்தளைக் குமிழின் பின்முனை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன், குத்தியது.

"இத எப்பக்கா கழுவுனீங்க?"

"அதையா?" அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "அதக் கழுவுனாச் சாயம் போயிருமே. ஜரிகை கறுத்துரும்."

பட்டை இல்லாமல் குதிரை மண்டபம்வரை நடந்தது. அதைப் பற்றி நாத்தனார் வீட்டில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தோழி கூப்பிட்டாள். "வளந்துருச்சு. நல்லாவே வளந்துருச்சு. சங்கிலி சங்கிலியா நிக்குது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பென்சிலின் பக்கத்துல ஒட்டக்கூட மாட்டேங்குது." பென்சிலின் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். முதலில் போட்ட ஊசி இந்த வகைக் கிருமிக்கு வலுவில்லாதது. என் தாளில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்த மருந்துதான் சரியானது. இருப்பதிலேயே பழைய மருந்தும் அதுதான்.

ஆனால் மருந்து மட்டும் போதாது. ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது சதைக்கு அடியில், ஒரு விரல் ஆழத்தில், தடித்த சுவரோடு ஒரு சீழ்ப்பை தெரிந்தது. குட்டியைப் பாதிக்காத அளவுக்கு லேசாக மயக்கம் கொடுத்து, பையின் தாழ்ந்த இடத்தில் கீறிவிட்டேன். ஒரு சொம்பு நிறைய வந்தது. கணவர் வெளியே போய்விட்டார். அக்கா தலைக்கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கடைசியில் கேட்டார்.

"இத இப்பவாச்சும் கழுவலாமா?"

"இப்ப கழுவலாம்க்கா. தினமும் ரெண்டு வேளை, உப்புத் தண்ணில. உள்ள எட்டுற வரைக்கும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரைவிட நன்றாக அதைச் செய்யக்கூடியவர் யாரும் இல்லை.

பென்சிலினைச் சதையில்தான் போட வேண்டும். தவறி ரத்தக்குழாயில் போனால் குதிரை வெறி பிடித்தது போலத் துள்ளி விழும். ஊசியைக் குத்தியதும் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகே அழுத்த வேண்டும். காலை ஊசியை நான் போட்டேன். மாலை ஊசிக்கு அக்காவைப் பழக்கினேன். அதோடு ரிஃபாம்பிசின். தடித்த சுவருக்குள் பென்சிலின் சரியாக நுழையாது, இது நுழையும். இதைத் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே பழகிக்கொள்ளும் என்பதால் எப்போதும் இன்னொன்றோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். சினைக்கு இது முழுக்கப் பாதுகாப்பு என்று நான் படித்த எந்தப் புத்தகமும் எழுதித் தரவில்லை. குட்டியின் உறுப்புகள் உருவாகும் காலம் தாண்டிவிட்டது என்பது ஓர் ஆறுதல். இதை அவர்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

"உள்ள சீழ் இருந்தாக் குட்டிக்கு நல்லதா?" என்று அக்கா கேட்டார்.

"இல்ல."

"அப்பக் குடுங்க."

ரிஃபாம்பிசினால் மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் மத்தியானம் போன் வந்தது. "டாக்டரம்மா, நீங்க சொன்னது சரியாப் போச்சு. இவருக்குச் சொல்ல மறந்துட்டேன். குதிரை ரத்தமா மோளுதுன்னு தோப்பு முழுக்க ஆளக் கூட்டி வச்சிருக்காரு. நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாரு." வெள்ளைக் குதிரையின் வாலும் பின்னங்கால்களும் சில நாளில் ஆரஞ்சாகிவிட்டன. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சாலையில் போகிறவர்கள் குதிரைக்கு மருதாணி வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள் என்று கணவர் புலம்பினார். அந்த வாலோடு எந்த விசேஷத்துக்கும் போக முடியாது. அதனால் குதிரைக்கு ஓய்வும் கிடைத்தது. குமிழ்ப் பட்டையின் உட்துணியை அவர் பிரித்து எரித்துவிட்டார்.

காய்ச்சல் நின்றது. கொள்ளைத் தின்ன ஆரம்பித்தது. மார்பில் உள்ளிருந்து சதை வளர்ந்து குழி மூடியது. மருந்தை நிறுத்திய பிறகும் காய்ச்சல் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாலே குதிரை கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கும். அது மட்டும் மாறவில்லை.

குட்டியைப் பற்றி மட்டும் நான் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. இத்தனை வாரக் காய்ச்சலும் கிருமியும் கருப்பைவரை போயிருக்கிறதா என்பது நஞ்சுக்கொடியைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பதினோராம் மாதம் நெருங்கியபோது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். குட்டி விழுந்ததும், உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதையும் கழுவக் கூடாது. இளங்கொடியை முழுதாக எனக்கு எடுத்துவைக்க வேண்டும்.

அக்கா முகத்தைச் சுளித்தார். அங்கே மாடு கன்று போட்டால் இளங்கொடியை உடனே வைக்கோலில் சுற்றிக் கொண்டுபோய் ஆலமரத்தில் கட்டிவிடுவார்கள். பால் நன்றாகச் சுரக்கும் என்பது நம்பிக்கை. நாய், காக்கை எதுவும் அதைத் தொடக் கூடாது. வெளியாட்கள் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது.

"நீங்க வாறதுக்குள்ள கட்டலேன்னா பாலு வத்திரும்பாக."

"குதிரைப் பால ஊத்தி எந்த டீக்கடைக்கு விக்கப் போற?" என்றார் கணவர்.

"நீங்க செத்த சும்மா இருங்க" என்றார் அக்கா. எனக்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஒரு காலையில் கணவர் போன் செய்து, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. இறந்த குட்டியிலிருந்து என்னென்ன மாதிரி எடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். நுரையீரல், கல்லீரல், வயிற்றுத் திரவம், கொடி.

குதிரை கொட்டகையில் நின்றிருந்தது. அதை அப்படி நான் பார்த்ததே இல்லை. பின்னங்கால்களில் காய்ந்த ரத்தம், ஆரஞ்சு வாலில் வைக்கோலும் சேறும், நெற்றியில் பொட்டு இல்லை. அதன் வயிற்றுக்கு அடியில் கறுப்பாக ஒரு குட்டி, நான்கு காலையும் நான்கு திசையில் ஊன்றி நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

"வெள்ளைக்குக் கறுப்புப் பொறந்திருக்கு டாக்டரம்மா" என்றார் கணவர், ஏமாற்றத்தோடு. "அதச் சொல்ல மனசு வராமத்தான் போன வச்சுட்டேன்."

இந்த நிறக் குதிரைக்குக் குட்டி கறுப்பாகத்தான் பிறக்கும், வளர வளர வெளுக்கும் என்று சொன்னேன். அவர் பாதிதான் நம்பினார்.

அக்கா மூலையிலிருந்து ஒரு வாளியைத் தூக்கி வந்தார். மேலே தகரத் தட்டு, அதன் மேல் கல். என் காலடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கழுவல. அதையும் கழுவல, குதிரையையும் கழுவல. விடியக்காலையில இருந்து ரெண்டு பேரு வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாக. அப்பிடியே நிக்குது. சீக்கிரம் பாருங்க."

சாக்கை விரித்து அதன் மேல் கொடியைப் பரப்பினேன். கருப்பையின் இரு கிளைகளுக்குள் இருந்த இரண்டு கொம்புகளின் நுனியும் முழுதாக இருந்தன, உள்ளே எதுவும் தங்கவில்லை. உட்புறம் சிவந்த வெல்வெட் போல இருந்தது. நடுப்பகுதியில் ஓர் இடத்தில், உள்ளங்கையளவுக்கு மட்டும், பழுப்பாகத் தடித்திருந்தது.

"என்ன அது?" என்றார் அக்கா. திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"சீழ்க் கிருமி இங்க வரைக்கும் வந்திருக்கலாம்க்கா. வந்திருந்தா, இதோட நின்னிருக்கு. சோதிச்சாத்தான் தெரியும்."

அவர் குனிந்து அந்தப் பழுப்பை நெடுநேரம் பார்த்தார். நான் அதில் ஒரு துண்டை வெட்டிப் புட்டியில் போட்டதும், மிச்சத்தைக் கணவர் வைக்கோலில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆலமரத்துக்குப் போனார். அக்கா குழாயடிக்குப் போய் வாளியை வைத்தார். குதிரையைக் கழுவலாம், குட்டியை இன்னும் சில நாளைக்கு வேண்டாம் என்றேன்.

துண்டைத் தோழிக்கு அனுப்பினேன். சில நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது.

"வளர்ச்சி இல்லை. கழுவினாங்களா?"

இல்லை என்று பதில் அனுப்பினேன்.